கரும்பொருளின் பிறப்பு

மலையின்மேற் புகை எழக் கண்டவன் அங்கே நெருப்பு உண்டென்று துணிகின்றான். நெருப்பை அவன் கண்டிலன். எனினும் அவன் துணிவு பிழையன்று. கண்டதைக் கொண்டு காணாததை அறிதலுக்கு அனுமானம் என்று தருக்க நூலார் பெயரிட்டனர். ஆயின், புகை முற்றும் அடங்கி, விறகு சாம்பலாகி, அச்சாம்பலையும் காற்று வாரிச் சென்றபின் ஒருவன் அம்மலைக்கு வருவானாயின், அங்கே ஒரு காலத்தில் நெருப்பு எரிந்தது என்பதை எதனால் அறிவான்? கருகிய பாறையும் வெடித்த கல்லுமே அவனுக்குச் சான்றாதல் வேண்டும். பேரண்டத்திற் பெரும்பங்கு கொண்ட ஒரு பொருளின் பிறப்பைக் குறித்து இன்றைய பௌதிக நூலார் இவ்விரண்டாம் மனிதனுடைய நிலையிலேயே நிற்கின்றனர்.

அப்பொருளுக்குக் கரும்பொருள் என்று பெயர். அஃது உண்டென்பதற்குச் சான்றுகள் பல. அஃது எங்ஙனம் பிறந்தது என்பதே வழக்கு. பேரண்டத்தின் இளமைக் காலத்தில் வேறொரு துகள் சிதைந்தமையாற் பிறந்த சேயே கரும்பொருள் என்னும் ஒரு கொள்கையை இவ்வியாசத்தில் விளக்கப் புகுகின்றோம். அக்கொள்கை மெய்யாயின், கரும்பொருளை நாம் எந்நாளும் கருவிகளால் தொட்டறிதல் இயலாமற் போகலாம். அங்ஙனம் தொட்டறிய இயலாத ஒன்றைப் பற்றிப் பேசுதல் விஞ்ஞானமாகுமா என்னும் வினாவும் உடன் எழுகின்றது. இரண்டையும் சேர்த்தே ஆராய்வோம்.

முதற்கண் பெயரைத் தெளிந்துகொள்ளுதல் நலம். கரிய பொருள் ஒளியை விழுங்கும். தனக்குப் பின்னுள்ளதை மறைக்கும். கரும்பொருளோ ஒளியை விழுங்குவதுமில்லை, உமிழ்வதுமில்லை, மறிப்பதுமில்லை. பளிங்கினும் தெளிவாய், ஒளி தன்னூடே தடையின்றிச் செல்ல விடுவது அது. தன் எடையாற் பிறவற்றை ஈர்த்தல் ஒன்றே நாம் அறிந்த அதன் செயல்.

அவ்வீர்ப்பினாலேயே அது வெளிப்பட்டது. கோடிக்கணக்கான விண்மீன்கள் ஒருங்கு கூடிய தொகுதியை மண்டலம் என்போம். நம் ஞாயிறு பால்வீதி என்னும் மண்டலத்தைச் சேர்ந்தது. 30 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால், கோமா என்னும் பெயருடைய திசையில், ஆயிரத்துக்கு மேற்பட்ட மண்டலங்கள் ஒரே திரளாய் இயங்குகின்றன. சுவிட்சர்லாந்து தேசத்தவராய்க் கலிபோர்னியாவில் இருந்து ஆராய்ந்த பிரிட்ஸ் சுவிக்கி என்பவர் 1933-ஆம் ஆண்டில் அவற்றின் வேகங்களைக் கணக்கிட்டனர். அவ்வளவு விரைந்தோடும் மண்டலங்களை, கண்ணுக்குத் தெரியும் விண்மீன்களின் ஈர்ப்பு மட்டும் கட்டி நிறுத்துதல் இயலாது; திரள் என்றோ சிதறிப் போயிருத்தல் வேண்டும். சிதறாமையால், காணப்படாத பொருள் அங்கே மிகுதியாய் உண்டென்று அவர் துணிந்தனர். அவர் கண்ட அளவு பிற்காலத்திற் குறைக்கப்பட்டது. ஆயினும் கணக்கில் விழுந்த துண்டு முற்றும் அடைபடவில்லை.

1970-இல் வேரா ரூபின் அம்மையாரும் கென்ட் போர்டு என்பவரும் ஆண்டிரோமீடா மண்டலத்தின் சுழற்சியை அளந்து வெளியிட்டனர். ஞாயிற்றைச் சுற்றும் கோள்களுள் தூரத்தில் உள்ளவை மெல்லச் செல்வது போலவே மண்டலத்தின் ஓரப்பகுதியும் மெல்லச் சுற்றும் என எதிர்பார்த்தல் இயல்பு. அவ்வோரப்பகுதியோ வேகம் குன்றாது சுற்றியது. பிற மண்டலங்களிலும் பின்னர் அவ்வாறே காணப்பட்டது. இறுதியாக, ஐரோப்பியர் 2009-இல் வானில் ஏவிய பிளாங்க் என்னும் துணைக்கோள், பேரண்டத்தின் பழைய வெப்பக் கதிரை நுணுகி அளந்தது. 2018-இல் வெளிவந்த அதன் முடிவுகளின்படி, பேரண்டத்தின் வயது ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகள். அதன் உள்ளடக்கத்தை 100 பங்காக வகுத்தால், விண்மீனும் மண்ணும் நீரும் நம் உடலுமாகிய சாதாரணப் பொருள் ஏறத்தாழ 5 பங்கு. கரும்பொருள் ஏறத்தாழ 27 பங்கு. எஞ்சிய 68 பங்கு கருஞ்சக்தி எனப்படும் மற்றொன்று. ஆகவே நாம் காணும் பொருளினும் காணாத பொருள் ஐந்து மடங்கு மிகுதி. இத்துணைப் பொருள் எங்கிருந்து வந்தது?

இதற்கு விடை காணப் புகுமுன், துகள்களின் சிதைவு என்பது யாதென அறிதல் வேண்டும். அணுவின் உட்கருவில் அமைந்த நியூட்ரான் வெளியே தனித்து விடப்படின் நெடுங்காலம் நிலைத்திராது. சராசரி ஏறத்தாழ 15 நிமிஷத்தில் புரோட்டானும் எலக்ட்ரானும் வேறொரு நுண்துகளுமாக மாறிவிடும். மியூவான் என்னும் துகளின் வாழ்நாள் இன்னும் குறுகியது. ஒரு விநாடியைப் பத்து இலக்ஷம் கூறாக்கின், அவற்றுள் இரண்டு கூறே அதன் சராசரி ஆயுள். சிதைவு என்றவுடன், குடம் உடைந்து ஓடுகளாவது போன்றதென எண்ணுதல் கூடாது. குடம் உடையுமுன்பே ஓடுகள் குடத்தில் உள்ளன. எலக்ட்ரானோ நியூட்ரானுக்குள் முன்னரே ஒளிந்திருந்ததன்று. சிதையும் கணத்திற் புதிதாய்ப் பிறப்பது. தாயின் எடை சேய்களின் எடையாகவும் அவை ஓடும் வேகமாகவும் பிரிந்து அமைகின்றது.

சிதைவிற் பிறந்து கண்ணுக்கும் கருவிக்கும் தப்பிய ஒரு துகளின் வரலாறு நம் பொருளுக்குப் பெரிதும் இயைபுடையது. அணுக்கரு சிதைந்து எலக்ட்ரான் வெளிப்படும்போது, வரவும் செலவும் ஒவ்வாமல் ஒரு பகுதிச் சக்தி காணாமற் போவதை ஆராய்ச்சியாளர் கண்டு மயங்கினர். சக்தி அழியாது என்னும் விதியையே கைவிடவும் சிலர் ஒருப்பட்டனர். 1930-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் வுல்ப்காங் பௌலி என்பவர், காணப்படாத ஒரு சிறு துகள் அச்சக்தியைக் கொண்டு செல்கின்றது போலும் என்று ஒரு கடிதத்தில் எழுதினார். அத்துகளே நியூட்ரினோ. 1956-இல் பிரெடரிக் ரெய்ன்ஸ், கிளைட் கவன் என்னும் இருவர் அமெரிக்காவில் ஓர் அணு உலையின் அருகே அதனைப் பிடித்துக் காட்டினர். கணக்கில் விழுந்த துண்டு மெய்ப்பொருளாக வெளிப்படுதற்கு 26 ஆண்டுகள் சென்றன.

இனிப் பேரண்டத்தின் இளமையைக் காண்போம். தொடக்கத்தில் அது பொறுக்கலாகாத வெப்பமும் நெருக்கமும் உடையதாய், துகள்கள் ஒன்றோடொன்று மோதிப் பிறப்பதும் மாய்வதுமாக இருந்தது. அது விரியவே வெப்பம் தணிந்தது. துகள்களுக்கு இடையே தூரம் மிகுந்தது. ஒரு பெருஞ்சந்தையை நினைத்துக்கொள்வோம். சந்தை நெருங்கியுள்ளபோது, ஒருவரையொருவர் தேடுவோர் எளிதில் எதிர்ப்பட்டுக் கூடிச் செல்வர். பொழுது சாயச் சந்தை கலைந்து மக்கள் பல திசையிலும் போய்விடின், அதுகாறும் தம் துணையைக் காணாதவர் தனித்தே நிற்பர். அது போலத் தம்முள் மோதி அழிந்துகொண்டிருந்த ஒருவகைக் கனத்த துகள்கள், அண்டம் விரிந்தமையால் மோதுதற்கு எதிரின்றி ஒரு தொகை எஞ்சி நின்றிருத்தல் கூடும். அத்துகள்களின் உறவு, நியூட்ரானைச் சிதைக்கும் மெல்விசையின் வலிமையை ஒத்ததாயின், எஞ்சும் தொகை கரும்பொருளின் அளவுக்கு ஏறத்தாழ ஒத்து வருகின்றது. இவ்வொற்றுமையே ஆராய்ச்சியாளரைப் பல ஆண்டுகள் கவர்ந்து வந்தது.

இக்கருத்தை நம்பி அவர்கள் பூமிக்குள் இறங்கினர். வானிலிருந்து ஓயாது பொழியும் கதிர்களின் இடையூறு இல்லாத ஆழத்தில், கரும்பொருட்டுகள் ஒன்றேனும் ஓர் அணுவின் கருவில் மோதினால் எழும் சிறு மின்னலைக் காணக் காத்திருந்தனர். இத்தாலியில் கிரான் சாஸ்ஸோ மலைக்கடியிலும், அமெரிக்காவில் தெற்கு டகோட்டாவில் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழமுள்ள பழைய பொற்சுரங்கத்திலும், டன் கணக்கில் திரவ செனான் நிரப்பிய கலங்கள் அமைக்கப்பட்டன. 2024-இல் அறிவிக்கப்பட்ட முடிவுகளிலும் அம்மின்னல் காணப்படவில்லை. காவல் தவறவில்லை, கருவியும் பழுதன்று, எதிர்பார்த்த விருந்தே வரவில்லை.

இந்நிலையிற்றான் நாம் கூறவந்த கொள்கை சிறப்பெய்துகின்றது. அது முன்னமே கூறப்பட்டதொன்று. 2003-ஆம் ஆண்டில் கலிபோர்னியா சர்வகலாசாலையைச் சார்ந்த ஜொனாதன் பெங், அரவிந்த் ராஜாராமன், புமிஹிரோ தகயாமா என்னும் மூவர் இதனை விளங்க எடுத்துரைத்தனர். சந்தை கலைந்தபின் எஞ்சிய கனத்த துகள் இன்றளவும் நிலைத்திருத்தல் வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. அது தாய்த்துகளாகிச் சிலகாலஞ் சென்றபின் சிதைந்திருக்கலாம். சிதைவிற் பிறந்த சேய்த்துகளே இன்றைய கரும்பொருளாகலாம். சேயோ தாயினும் மிகப் பெரிதும் கூச்சமுடையது. ஈர்ப்பை ஒத்த மிக மெல்லிய உறவன்றி வேறுறவு அதற்கில்லை. தாயைப் போலப் பிள்ளை என்னும் பழமொழி இவ்விடத்துப் பொருந்தாது.

அவர்கள் எடுத்துக்காட்டிய சேய்களுள் ஒன்று கிராவிட்டினோ என்பது. ஈர்ப்பைக் கொண்டு செல்வதாகக் கருதப்படும் துகளுக்கு இணையாக, ஒருவகைக் கணிதக் கொள்கை இதனை வேண்டுகின்றது. உறவு மெல்லியதாதலின் அதனைப் பெறும் சிதைவும் மிகத் தாமதமாகவே நிகழும். எடைகளுக்கு ஏற்ப ஒரு நாள் முதற் சில ஆண்டுகள் வரை தாய்த்துகள் வாழ்ந்திருக்கும் எனக் கணக்குக் கூறுகின்றது. விநாடியின் சிறு பகுதிக்குள் யாவும் நிகழ்ந்து முடியும் துகள் உலகில் இஃது நீண்ட ஆயுளே.

இக்கொள்கையின் கணக்கு மிக எளியது. ஒரு தாய் சிதைந்தால் ஒரு சேய் பிறக்கும். ஆகவே எண்ணிக்கை மாறாது, எடை மட்டும் மாறும். தாயின் எடை புரோட்டானைப் போல 300 மடங்கும் சேயின் எடை 100 மடங்கும் எனக் கொள்வோம். தாய்கள் சிதையாது நின்றால் பேரண்டத்துக்கு 3 பங்கு எடை தந்திருப்பின், சேய்கள் 1 பங்கே தரும். எஞ்சிய 2 பங்கு, உடன் பிறந்த ஒளிக்கதிர் முதலியவற்றின் சக்தியாகவும் சேயின் வேகமாகவும் சென்று, அண்டம் விரியுந்தோறும் தேய்ந்துவிடும். ஆதலின் தாயின் தொகை நன்கு கணிக்கப்படின் சேயின் தொகையும் தானே அமைகின்றது.

சிதைவினாற் கரும்பொருள் பிறத்தற்கு வேறொரு வழியும் உண்டு. அதனை 2010-இல் ஹால் முதலிய நால்வர் விரித்து வெளியிட்டனர். இவ்வழியில் தாய்த்துகள் சந்தை கலையுமட்டும் காத்திருப்பதில்லை. வெப்பம் மிக்க கூட்டத்தினுள் இருக்கும்போதே அருகி ஒன்றிரண்டாகச் சிதைகின்றது. பிறந்த சேய் எவரோடும் கலவாமையால் மீண்டும் அழிவதில்லை. ஒழுகும் கூரையின் கீழ் வைத்த பாத்திரம் சொட்டுச் சொட்டாக நிறைவது போல, கரும்பொருள் சிறுகச் சிறுகச் சேர்கின்றது. வெப்பம் தணிந்து தாய்கள் அருகியபின் சொட்டுதல் நிற்கின்றது. சேர்ந்தது சேர்ந்தபடியே இருக்கின்றது.

இப்பொழுது முதலில் எழுப்பிய வினா தன் முழு வலிமையோடு நம்முன் நிற்கின்றது. சேய்த்துகள் சுரங்கத்துச் செனானில் மோதாது. இன்னும் ஆயிரம் ஆண்டு காத்திருப்பினும், கலத்தைப் பன்மடங்கு பெருக்கினும், அது வெளிப்படும் என்று எதிர்பார்த்தற்கு இடமில்லை. “பிடிபடாமையே அதன் இலக்கணம், ஆதலின் பிடிபடாதது எம் கொள்கைக்கு மாறன்று” என்று ஒருவர் கூறின், அவரை மறுப்பது எங்ஙனம்? எந்தச் சோதனையாலும் மறுக்கப்படாத கூற்று, எந்தச் சோதனையாலும் நிறுவப்படாத கூற்றேயாம். அத்தகைய கூற்றை விஞ்ஞானம் தன் வீட்டிற் குடிவைப்பதில்லை.

ஆனால் இக்கொள்கை அத்தகையதன்று. சேய் மறைந்துகொள்ளலாம், பிறப்பு மறைந்துகொள்ள இயலாது. சிதைவின்போது சேயோடு உடன் பிறந்த ஒளிக்கதிரும் பிற துகள்களும் கூச்சமுடையன அல்ல. அவை சுற்றிலும் உள்ள பொருளைத் தாக்கியே தீரும். மலையிற் கருகிய பாறையைத் தேடியவன் போல நாமும் அத்தாக்குதலின் வடுக்களைத் தேடலாம். சான்றுகள் மூன்று உள.

முதற் சான்று, இலேசான மூலகங்கள். பேரண்டம் பிறந்த முதற் சில நிமிஷங்களில் ஹைட்ரஜனின் ஒரு பகுதி ஹீலியமாயிற்று. எடையிற் காற்பங்கு அவ்வாறு ஆயிற்றென்பது கணக்கிலும் ஆராய்ச்சியிலும் ஒத்திருக்கின்றது. கனத்த ஹைட்ரஜனாகிய டியூட்டீரியம், சாதாரண ஹைட்ரஜன் அணுக்கள் ஏறத்தாழ 40,000-க்கு ஒன்றாக எஞ்சியது. இதன் கரு மிக எளிதில் உடையக் கூடியது. தாய்த்துகள்கள் பின்னர்ச் சிதைந்து வன்மையான கதிர்களை வீசியிருப்பின், டியூட்டீரியம் உடைந்து குறைந்திருக்கும்; அல்லது ஹீலியம் உடைந்து டியூட்டீரியம் மிகுந்திருக்கும். தொலைவிலுள்ள பழைய வாயு முகில்களில் அளந்து கண்ட அளவோ கணக்கோடு நன்கு பொருந்துகின்றது. ஆகவே தாய்கள் மிகப் பலவாக இருந்து, மிகுந்த சக்தியோடு, தாமதித்துச் சிதைந்தன என்று கூறும் கொள்கை வகைகள் பல இச்சான்றினாலேயே தள்ளுண்டன.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கை வேண்டும். லித்தியம் என்னும் மூலகம் பழைய விண்மீன்களிற் கணக்கிட்டதில் மூன்றிலொரு பங்கே காணப்படுகின்றது. தாய்த்துகளின் சிதைவே எஞ்சிய லித்தியத்தை அழித்தது என்று சொல்லும் ஆசை சிலரிடம் எழுந்தது இயல்பே. ஆனால் லித்தியத்தைக் குறைக்கும் சிதைவு பெரும்பாலும் டியூட்டீரியத்தின் அளவையும் கெடுத்துவிடும். விண்மீன்களே தம் வெப்பத்தால் லித்தியத்தை அழித்திருக்கவும் கூடும். ஒரு புதிரைக் கொண்டு மற்றொரு புதிரை விடுவிக்க முந்துவோர் இரண்டையும் சிக்கலாக்குதல் உண்டு.

இரண்டாம் சான்று, அண்டம் எங்கும் நிறைந்த பழைய வெப்பக் கதிர். 1965-இல் பென்சியாஸ், வில்சன் என்னும் இருவரால் அறிவிக்கப்பட்ட இக்கதிர் இன்று தனிச்சுழிக்கு மேல் 2.7 பாகை வெப்பத்தளவே உடையது. அண்டம் பிறந்து ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்குப் பின் எவரேனும் அதிற் புதிய சக்தியைப் புகுத்தியிருந்தால், கதிரின் இயற்கை வடிவம் சிறிது கோணியிருக்கும். 1989-இல் அமெரிக்கர் ஏவிய கோபி என்னும் துணைக்கோள் அவ்வடிவத்தை அளந்து, பதினாயிரத்தில் ஒரு பங்களவும் கோணல் இல்லையெனக் கண்டது. ஆதலின் நெடுநாள் வாழ்ந்து சிதையும் தாய்த்துகளுக்கு மற்றொரு கடிவாளம் இடப்பட்டது.

மூன்றாம் சான்று, சிறு மண்டலங்கள். சிதைவிற் பிறந்த சேய் அசையாது நிற்பதில்லை. கவணிலிருந்து விடுபட்ட கல்லைப் போல விரைந்தோடும். விரைந்தோடும் பொருள் சிறுசிறு குவியல்களாகத் திரளாது. மெல்ல இயங்கும் பொருளே அங்ஙனம் திரளும். நம் பால்வீதியைச் சூழ்ந்து ஐம்பதுக்கு மேற்பட்ட சிறு மண்டலங்கள் காணப்பட்டுள்ளன. தொலைவிலுள்ள குவேசார்களின் ஒளி, இடையிலுள்ள ஹைட்ரஜன் முகில்களைக் கடந்து வரும்போது, அம்முகில்கள் எவ்வளவு நுணுக்கமாகத் திரண்டுள்ளன என்பதையும் தெரிவிக்கின்றது. சேய்த்துகள் அளவுக்கு மிஞ்சி ஓடியிருப்பின் இச்சிறு திரள்கள் தோன்றியிரா. எனவே சேய்க்கு இருக்கக்கூடிய வேகத்துக்கு இவை ஓர் எல்லை விதிக்கின்றன.

இம்மூன்றும் பழமையின் வடுக்கள். தாயையே நேரிற் காண ஒரு வழியும் உண்டு. ஜினீவா நகரின் அருகே புரோட்டான்களை மோதவிடும் பெரும்பொறியில், நெடுநேரம் வாழும் தாய்த்துகள் ஒன்று பிறக்குமாயின், அது கருவிகளைக் கடந்து வெளியே செல்லக்கூடும். அதற்கு மின்னேற்றம் உண்டாயின், கருவியைச் சூழ நீர்த்தொட்டிகள் அமைத்து அவற்றில் அதனைத் தங்கச் செய்து, அது சிதையும் வேளையைக் காத்திருந்து காணலாம் என 2004-இல் ஒரு யோசனையும் கூறப்பட்டது. தாயின் எடையையும் உடன் பிறந்தவற்றின் சக்தியையும் அளந்தால், மறைந்தோடிய சேயின் எடை கழித்தற் கணக்காய் வந்துவிடும். பௌலி நியூட்ரினோவைக் கண்டதும் அக்கணக்கினாலன்றோ! அத்தகைய தாய்த்துகள் இதுவரை அங்குப் புலப்படவில்லை.

ஆகவே நாம் பெறும் முடிபு யாது? கரும்பொருள் சிதைவிற் பிறந்தது என்பது நிறுவப்பட்ட உண்மையன்று, நிறுவப்படலாகாத கற்பனையுமன்று. அதன் பல கிளைகள் வெட்டுண்டு வீழ்ந்தன. வீழ்த்தியவை டியூட்டீரியமும் பழங்கதிரும் சிறு மண்டலங்களுமாம். வேறு சில கிளைகள் இன்னும் நிற்கின்றன. வெட்டுண்ணக் கூடியது என்பதே அக்கொள்கையின் பெருமை.

காணாததை நம்புதல் சமயத்துக்கே உரியதன்று, விஞ்ஞானமும் இப்பொழுது அவ்வழிக்கு வந்துவிட்டது என்று மேடைகளிற் கூறுவோர் உளர். நம் போன்ற கலாசாலைகளில் அவ்வுரை இனிமையாகக் கேட்கப்படும். எனினும் இரண்டையும் அங்ஙனம் ஒன்றாக்குதல் இரண்டுக்கும் நன்மையன்று. சமய நம்பிக்கை மனிதன் தன் வாழ்வை ஒப்படைக்கும் உறுதி. பௌதிக நூலார் கரும்பொருளிடம் கொண்டதோ அவ்வுறுதியன்று; நாளை ஒரு நல்ல அளவை மாறுபட்டு உரைப்பின் அதனைக் கைவிட அவர் ஒருப்பட்டே இருக்கின்றனர். அவ்வாறு கைவிட ஒருப்படுதலே அத்துறையின் நேர்மை.

சோதனைச் சாலையில் தராசின் முன் நின்று, வந்த விடை புத்தகத்தோடு ஒவ்வாமையால் மனம் சலிக்கும் மாணவர்க்கு ஒன்று கூறுவோம். ஒவ்வாத விடையை நூலுக்கு இணங்கத் திருத்தி எழுதிவிடுதல் எளிது. அங்ஙனமே சுவிக்கியும் திருத்தியிருப்பின், பேரண்டத்துப் பொருளின் பெரும்பகுதியைக் காணும் வாய்ப்பு நமக்கு இன்னும் பிந்தியிருக்கும். கையிலுள்ள அளவைப் பலமுறை சரிபார்த்து, பிழை தன்னுடையதன்று எனத் தெளிந்தபின், அதனை உள்ளபடியே எழுதி வைத்தல் வேண்டும். கணக்கில் விழும் துண்டு சிலவேளை நம் கவனக்குறைவு. சிலவேளை காணப்படாத ஒரு பொருளின் காலடி.